சென்னைச் சுண்ணப் பூச்சுத் தொழிலின் தேய்வு: செய்முறைப் பதிவுகளும் பதிவாகாத கைத்திறனும்

முன்னுரை

கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பினால் செங்கற்சுவருக்குப் பளிங்கின் ஒளியை ஏற்றும் பூச்சுமுறை, ஆங்கிலக் கட்டடக்கலை நூல்களில் ‘மெட்ராஸ் சுனம்’ என வழங்குகிறது. ‘சுனம்’ என்பது ‘சுண்ணம்’ என்னும் சொல்லின் திரிபே. நகரின் பெயரையும் தமிழ்ச் சொல்லையும் ஒருங்கே தாங்கிக் கடல்கடந்த இத்தொழில், அது வளர்ந்த சென்னையில் இன்று பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணிகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. புதிதாக எழும் வீடுகளில் அதற்கு இடமில்லை.

இத்தேய்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கருத்துகளோடு அமைந்துவிடுகின்றனர். சிமெண்டு வந்தது, சுண்ணாம்பு போயிற்று என்பது ஒன்று. முட்டை வெண்கரு, வெல்லம், கடுக்காய் ஆகியவற்றைக் கலந்த முன்னோரின் அறிவு மறைந்துவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரு விளக்கங்களும் போதா என்பதே இக்கட்டுரையின் கருத்து. சேர்மானக் குறிப்பு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அச்சில் உள்ளது, அது மறையவில்லை. அக்குறிப்பைச் சுவராக மாற்றும் கைப்பழக்கமும், அப்பழக்கத்துக்கு வேண்டிய காலமும், அதனைச் சுட்டும் தொழிற்சொற்களுமே மறைந்துவருகின்றன. இவற்றுள் மூன்றாவது தமிழாய்வின் எல்லைக்குள் நேரடியாக வருவது.

1. பதிவுகளும் அவற்றின் பார்வையும்

சுண்ணப் பூச்சு தமிழகத்துக்குப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனையை வருணிக்குமிடத்தில், வெள்ளிபோல் விளங்கும் சுதை பூசப்பெற்றதையும் செம்பினால் செய்தாற்போன்ற உறுதியுடைய சுவரையும் காட்டுகிறது. அங்கே பூச்சின் ஒளி போற்றப்படுகிறது, பூசியவர் பேசப்படவில்லை. அரண்மனையின் அழகைச் சொல்லவந்த பாடலில் அதை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. எனினும், பிற்காலப் பதிவுகளிலும் இதே போக்குத் தொடர்வது எண்ணத்தக்கது.

செயிண்ட் ஹெலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சிறந்த சாந்து செய்யும் முறை பற்றி எழுதிய குறிப்பு, 1730களின் தொடக்கத்தில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. 1780இல் சென்னை வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1793இல் வெளியிட்ட பயணநூலில் நகரக் கட்டடங்களின் பளிங்கொத்த தோற்றத்தை வியந்து எழுதினார். முன்னவர் கலவையைக் கண்டார். பின்னவர் அதன் விளைவைக் கண்டார்.

மூன்றாவது பதிவு சிங்கப்பூரைச் சார்ந்தது. அங்குள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த அக்கட்டடத்தின் உட்புறம் சென்னைச் சுண்ணத்தால் பூசப்பெற்றது. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் அச்செய்முறையை விவரித்துள்ளார். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியன சேர்ந்து கலவையாயின. பூச்சு இறுகியபின் பளிங்குக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ தேய்க்கப்பட்டது. இறுதியில் மாக்கல் பொடி தூவி மெருகேற்றப்பட்டது.

மூன்று பதிவுகளுள் மக்நேருடையதே வேலைத்தளத்துக்கு மிக நெருங்கியது. ஆயினும் அது மேற்பார்வையாளரின் பதிவு. சாந்து எந்தப் பதத்தில் இருந்தபோது பூசினர், அப்பதத்தை எச்சொல்லால் குறித்தனர், கல்லால் தேய்க்கத் தொடங்கும் வேளையை எதனால் அறிந்தனர் என்பன அதில் இல்லை. தொழிலாளி தன் மொழியில் தன் தொழிலைச் சொன்ன பதிவு எதுவும் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. இன்று எழுதப்படும் கட்டுரைகள் பல, இவற்றிலிருந்து சேர்மானப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே தொழில் எனக் கொள்கின்றன.

2. பட்டியலில் அடங்காத நடைமுறை

சேர்மானம் தொழிலின் ஒரு சிறு பகுதி என்பதை நடைமுறையைத் தொடர்ந்து நோக்கினால் உணரலாம். சென்னைக்கு வேண்டிய கிளிஞ்சல் பழவேற்காடு, எண்ணூர் முதலிய உப்பங்கழிப் பகுதிகளிலிருந்து கிடைத்தது. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடும்போது கிளிஞ்சல் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் தெளித்தால் கொதித்துப் பூத்து நீறாகிறது. நீற்றிய சுண்ணாம்பை நீரில் மூழ்கவிட்டு ஊறவைப்பர். ஊறும் நாள் கூடக்கூடச் சாந்து குழைவு பெறும். முதற்பூச்சுக்கு மணல் கலந்த சாந்தைக் காளை இழுக்கும் செக்கில் அரைப்பர். இறுதிப் பூச்சுக்குரிய சுண்ணத்தை அம்மியில் வெண்ணெய்போல் அரைப்பர்.

பூச்சு மூன்று படைகளாக ஏறும். முதற்படை சுவரின் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும். இரண்டாம் படை மென்மையானது. மூன்றாம் படை மிக மெல்லியது, ஒளி அதற்குரியது. முந்தைய படை முற்றும் உலர்ந்துவிட்டால் அடுத்தது பற்றாது. ஈரம் மிகுந்திருந்தால் வெடிக்கும். இந்த இடைநிலையைக் கொத்தனார் கைவிரலால் தொட்டறிவார். கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பூச்சினுள்ளிருந்து ஈரம் வியர்வைபோல் கசியும். அதைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் தேய்க்க வேண்டும். கசிவு நிற்கும்வரை, நாள்கணக்கில், இது தொடரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, சுண்ணம் மீண்டும் கல்லாக இறுகுகிறது. இந்த வேதிமாற்றத்தை விரைவுபடுத்த இயலாது என்பதே இத்தொழிலின் பொருளாதாரத்தைத் தீர்மானித்த உண்மை.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மேல்தளத்திலும் இதே நிலை. தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் இடையிடையே தெளிக்கப்படும். தட்டும் கட்டை தளத்தில் பதியாமல் துள்ளியெழும்போது தளம் இறுகியதென அறிவர். அதன்பின் தட்டோடு பதிப்பர்.

நாட்டார் வழக்காற்றியலார் தொழிற்பாடல்களை வகைப்படுத்துகையில் சுண்ணாம்பு இடிப்போர் பாடலையும் ஒரு வகையாகக் கொள்கின்றனர். பாடல் இலக்கியமாகத் தொகுக்கப்பட்டது. கலவை பொறியியலாகப் பதிவாயிற்று. பலர் சேர்ந்து ஒரே சீராக இடிக்கவும் தட்டவும் பாட்டின் தாளம் துணைநின்றது என்னும் நிலையில், பாட்டும் அந்தக் கட்டுமானத்தின் ஒரு கருவியே. இவ்விரு பதிவுகளையும் ஒருசேர வைத்து நோக்கும் ஆய்வு நமக்குத் தேவை.

3. தேய்வின் காரணங்கள்

சிமெண்டின் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடமுண்டு. இந்தியாவில் போர்ட்லண்டு சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையிலேயே நடைபெற்றது. கடற்சிப்பியே அதற்கு மூலப்பொருள். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நிலைபெற்றது. ஆகவே, புதிய பொருள் ஒன்று வெளியிலிருந்து வந்து மரபுப் பொருளை ஒரே நாளில் வீழ்த்தியது என்னும் எளிய கதை வரலாற்றோடு முழுதும் ஒத்துவராது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிமெண்டின் விலையும் வழங்கலும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982இல் அக்கட்டுப்பாடு ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கியது. சிமெண்டு அரிதாக இருந்த காலத்தில் சுண்ணாம்புக்குச் சிறிது இடம் எஞ்சியிருந்தது எனக் கொள்ளலாம்.

பொருள்மாற்றத்தோடு வேறு மூன்று காரணங்கள் சேர்ந்தன. முதலாவது மரம். மெட்ராஸ் டெரஸ் தளத்துக்குப் பெரிதும் பயன்பட்டது பர்மாத் தேக்கு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் அவ்வணிகம் முன்போல் இயங்கவில்லை. கட்டை இல்லாத இடத்தில் தளமும் இல்லை. தளத்தைத் தட்டுவோரும் இல்லை. கம்பி வைத்துச் சிமெண்டுக் கலவை ஊற்றும் தளம் அவ்விடத்தைப் பிடித்தது.

இரண்டாவது நிலத்தின் விலை. சுண்ணாம்புச் சாந்தில் எழும் சுவர் 14 அங்குலம், 18 அங்குலம் எனப் பருத்திருக்கும். தூண்களையும் உத்தரங்களையும் கொண்ட கட்டடத்தில் இடைச்சுவர் நாலரை அங்குலத்தில் முடிந்துவிடும். கட்டடப் பரப்பைச் சதுர அடியில் அளந்து விற்கும் நகரில், சுவரின் பருமன் விற்கவியலாத இடமாகக் கருதப்படுகிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதற்கு இக்கணக்கே அடிப்படை.

மூன்றாவது, இக்கட்டுரை முதன்மையாகக் கருதுவது, ஒப்பந்த முறை. இன்றைய பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசப்படுகிறது; குறைந்த விலை கூறுபவருக்கே பணி கிடைக்கிறது. ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையே காத்திருக்கும் நாளுக்கு ஒப்பந்தத்தில் மதிப்பில்லை. ஊறவைத்தல், ஈரம் காத்தல், ஒற்றியெடுத்தல் ஆகிய வேலைகள் பரப்பாக அளக்கப்படாதவை. அளக்கப்படாத வேலைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை அடுத்த தலைமுறை கற்பதில்லை. சிமெண்டு சுண்ணாம்பைவிடச் சிறந்த பொருள் என்பதால் மட்டும் வெல்லவில்லை. காத்திருத்தலை விலையாக்க மறுக்கும் முறைக்கு அது இயைந்த பொருளாக இருந்ததாலும் வென்றது.

4. சிற்பியின் சுதையும் கொத்தனாரின் காரையும்

ஒரே சுண்ணாம்பிலிருந்து பிறந்த இரு தொழில்களின் வேறுபட்ட நிலையை ஒப்பிடுவது இங்குப் பயன்தரும். கோயில் விமானங்களிலும் கோபுரங்களிலும் அமையும் சுதைச் சிற்பங்களைச் செய்வோர்க்கு நூல்மரபு உண்டு. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசு கல்லூரியில் சுதைச் சிற்பம் இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் உள்ளிட்ட அயலகக் கோயில்களின் திருப்பணிக்குத் தமிழகச் சிற்பிகள் வரவழைக்கப்படுகின்றனர். சுதை வேலையிலும் இன்று சிமெண்டு மிகுதியாகக் கலந்துவிட்டது என்பது உண்மையே. எனினும் அத்தொழிலுக்குப் பெயரும் பள்ளியும் குடமுழுக்குத்தோறும் வேலையும் உள்ளன.

சுவரையும் தளத்தையும் பூசிய கொத்தனார்க்கும், கலவை சுமந்த சித்தாளுக்கும், தளம் தட்டிய பெண்களுக்கும் இவற்றுள் ஒன்றும் இல்லை. தெய்வ உருவைச் செய்த கை கலையெனப் போற்றப்பட்டது. வீட்டுச் சுவரைப் பூசிய கை கூலிவேலையாகக் கணிக்கப்பட்டது. தேய்வின் வேகம் பொருளைப் பொறுத்தது மட்டுமன்று. அப்பொருளைக் கையாண்டவரின் சமூக மதிப்பையும் பொறுத்தது என்பதற்கு இவ்வொப்பீடே சான்று.

5. மரபு போற்றும் எழுத்துகளின் குறை

அண்மைக் காலத்தில் சுண்ணாம்பைப் பற்றிய ஆர்வம் மீண்டும் தோன்றியுள்ளது. 1768இல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீக்கு இரையாயிற்று. பின்னர்ப் பொதுப்பணித் துறை அதனைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தது. இது வரவேற்கத்தக்க திருப்பம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு ஏறினால், சுவரினுள் உள்ள ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதனைப் பொடியாக்கும். சில ஆண்டுகளில் சிமெண்டுப் படை செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஆகவே பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புக் கொத்தனார் தேவைப்படுவது ஏக்கத்தால் அன்று. கட்டடத்தின் உயிர் அதில் அடங்கியிருப்பதால்.

ஆனால் இத்தகைய பணிகளைப் போற்றி வரும் எழுத்துகளில் இரு குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று மிகைப்படுத்தல். முட்டை சேராத பழைய கட்டடமே இல்லை என்பதுபோல் எழுதுவது பொருந்தாது. வெண்கருவும் தயிரும் நெய்யும் பெரும்பாலும் மெருகுப் படைக்கு உரியவை. கட்டுச் சாந்துக்கும் மேல்தளத்துக்கும் வெல்லமும் கடுக்காயுமே மிகுதியும் பயன்பட்டன. நீர் தேங்கும் அடித்தளத்துக்கும் உயர்ந்த மாடிக் கட்டடத்துக்கும் வெறுஞ்சுண்ணாம்பு ஏற்றதன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் சிமெண்டு என்பது எவ்வளவு பிழையோ, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு என்பதும் அவ்வளவு பிழை.

மற்றொன்று மௌனம். சுட்ட சுண்ணாம்பு தோலை அரிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கும். தளம் தட்டிய பெண்களின் கூலி குறைவு. சிங்கப்பூரில் நாம் வியக்கும் ஒளி கைதிகளின் கட்டாய உழைப்பில் பிறந்தது. இவற்றைச் சொல்லாமல் மரபைப் புகழ்ந்தால், மலிவான உழைப்பு மீண்டும் கிடைக்க வேண்டும் என விரும்புவதற்கு ஒப்பாகும். தொழில் நிலைக்க வேண்டுமெனில், பழைய கூலியிலும் பழைய இழிவிலும் அது நிலைக்க முடியாது. காப்புறையும் கண்ணாடியும், காத்திருக்கும் நாளுக்கும் ஊதியமும், செய்தவர் பெயருக்குக் கட்டட ஆவணத்தில் இடமும் அமைந்தாலே இளையோர் இத்தொழிலை நாடுவர்.

6. தமிழாய்வின் பங்கு

தொழில் தேயும்போது அதன் சொற்களும் தேய்கின்றன. சாந்து, காரை, சுதை, நீறு, சுண்ணம் என்பன ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றினும், தொழிலாளர் வழக்கில் ஒன்றற்கொன்று வேறுபாடு உண்டு. மணியாசுக் கட்டை, மட்டப்பலகை, மூலைமட்டம், தூக்குக் குண்டு முதலிய கருவிப்பெயர்கள் சிமெண்டு வேலையிலும் தொடர்வதால் பிழைத்திருக்கின்றன. சாந்தின் பதத்தையும், நீறு பூக்கும் நிலையையும், மெருகுக் கல்லின் வகைகளையும் குறித்த சொற்களுக்கு அந்த வாய்ப்பில்லை. பொருளோடு பிறந்த சொல் பொருளோடே மறையும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. சுண்ணாம்புத் தொழில் நகரில் உயிர்ப்போடு இருந்த காலம் அது. ஆயினும் பேரகராதி பொதுநோக்கு உடையது. தொழில்வாரியான கள ஆய்வு அதன் திட்டமன்று. தெலுங்கில் ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி 1962 முதல் தொழில்வழக்குச் சொற்களைக் கள ஆய்வின் வழித் தொகுத்து, உழவுத் தொழிலில் தொடங்கித் தொகுதிகளாக வெளியிட்டது. கட்டுமானத் தொழிலுக்கு அத்தகைய விரிந்த தொகுப்பு தமிழில் தேவை. அதனைச் செய்யும் காலம் குறுகிவருகிறது. செக்கில் அரைத்த சாந்தைத் தம் இளமையில் கையாண்ட கொத்தனார்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர்.

இப்பணிக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அரசும் பிற நிறுவனங்களும் மேற்கொள்ளும் ஒவ்வொரு மீட்டெடுப்புப் பணியிலும், பொறியாளரோடு மொழியியல் ஆய்வாளர் ஒருவரும் உடனிருந்து, தொழிலாளரின் சொற்களை அவர் வாய்மொழியாகவே பதிவுசெய்தல். இரண்டாவது, நாட்டார் பாடல் தொகுப்புகளிலுள்ள சுண்ணாம்பு இடிப்போர் பாடல்களைத் தொழில் நடைமுறையோடு ஒப்பிட்டு ஆராய்தல். மூன்றாவது, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களில் கைதிகளின் உழைப்பைப் பற்றி எஞ்சியுள்ள ஆவணங்களைத் தமிழ் அறிந்த ஆய்வாளர் படித்தல். ஆங்கில எழுத்தர் பிழைபட எழுதிய ஒரு கருவிப்பெயர்கூடத் தமிழ் அறிந்தவர்க்குச் சான்றாகலாம். அயலகத் தமிழ் நூலகங்கள் இம்மூன்றாவது பணிக்கு இயல்பான இடங்கள்.

முடிவுரை

சென்னைச் சுண்ணப் பூச்சின் தேய்வுக்குச் சிமெண்டின் வருகை, பர்மாத் தேக்கின் இழப்பு, நிலத்தின் விலை, காத்திருத்தலுக்கு விலை தராத ஒப்பந்தம், தொழிலாளரின் தாழ்ந்த சமூக மதிப்பு ஆகியன சேர்ந்தே காரணமாயின. முன்னிரண்டை இனி மாற்ற இயலாது. மூன்றாவது நகரத் திட்டத்தைச் சார்ந்தது. இறுதி இரண்டும் நம் முடிவுக்கு உட்பட்டவை. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் படைகளுக்கு இடையே விடவேண்டிய நாள்களைக் குறித்து அவற்றுக்கும் கூலி வழங்கலாம். வேலை அறிந்தவரோடு பயில்வோரும் இருக்க வேண்டுமென விதிக்கலாம். தமிழாய்வுலகம் அவர்தம் சொற்களைத் தொகுக்கலாம். செய்முறைக் குறிப்பு நூலகத்தில் உள்ளது. அதைக் கையால் செய்தறிந்தோரும் இன்னும் சிலர் உளர். அவர்களிடமிருந்து கற்பதற்கான ஏற்பாடே உடனடியாகச் செய்யத்தக்கது.